ரூஃபைத் திறந்து ஓட்டும் கார் பாதுகாப்பானதா? இ20 பெட்ரோல் போடலாமா? கன்வெர்டிபிள் ஓட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வார இறுதி வந்தால் போதும், இசிஆர் பக்கம் ரூஃபைத் திறந்துவிட்டு போகும் கார் ஒன்றாவது கண்ணில் படும். ஊட்டி, கோவா என்று போனால் ஓப்பன் ஜீப்பை வாடகைக்குக் கேட்பவர்களும் உண்டு. கல்யாண ரிசப்ஷனுக்கு ஓப்பன் கார் வைப்பது இன்னொரு பக்கம். பார்க்க ஜாலியாகத்தான் இருக்கிறது. ஆனா இந்தக் காரை வாங்க நினைப்பவர்களும் ஒருநாள் வாடகைக்கு எடுப்பவர்களும் முதலில் கேட்பது இரண்டு கேள்விதான். மேலே கூரையே இல்லையே, கவிழ்ந்தால் என்ன ஆகும்? இப்போ பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலை இதில் போடலாமா?

இரண்டுக்கும் ஒரு வரியில் பதில் சொல்லலாம். கூரையைத் திறந்ததும் அதன் வேலையில் பாதி சீட் பெல்ட் தலையில் விழுகிறது. பெட்ரோலைப் பொறுத்தவரை, எதைப் போடுகிறோம் என்பதோடு, போட்ட பெட்ரோல் எத்தனை நாள் டேங்கிலேயே கிடக்கிறது என்பதும் முக்கியம். இனி விவரம்.

எது கன்வெர்டிபிள்?

கூரையை முழுசாக மடிக்கவோ கழற்றவோ முடிந்தால் அது கன்வெர்டிபிள். துணிக் கூரை என்றால் சாஃப்ட் டாப், உலோகக் கூரையே மடிந்து டிக்கிக்குள் போனால் ஹார்ட் டாப். கூரையின் நடுவில் ஒரு கண்ணாடிப் பலகை மட்டும் திறப்பது சன்ரூஃப். அது கன்வெர்டிபிள் ஆகாது. அந்தக் காரில் கூரையின் இரும்புச் சட்டம் அப்படியே இருக்கிறது. ஆனா சன்ரூஃபிலும் ஆபத்து இருக்கு, அதைப் பிறகு பார்க்கலாம்.

கன்வெர்டிபிள் என்றதும் பிஎம்டபிள்யூ இசட்4, போர்ஷே 911 கேப்ரியோலே, மெர்சிடிஸ் எஸ்எல் என்று கோடி ரூபாய் சமாச்சாரங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனா நம்ம ஊர் ரோட்டில் அதிகம் ஓடிய துணிக்கூரை வண்டிகள் மாருதி ஜிப்ஸியும் மஹிந்திரா ஜீப்பும்தான். 2020-ல் வந்த மஹிந்திரா தாரிலும் கையால் மடிக்கும் சாஃப்ட் டாப் மாடல் இருந்தது. இடையில் கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் என்ற குட்டி இரண்டு சீட் காரும் வந்து போனது. அதை நேரில் பார்த்தவர்கள் குறைவு.

கூரை இல்லன்னா யார் காப்பாத்துவது?

சாதாரணக் காரில் கூரை என்பது வெயில், மழைக்கான குடை மட்டும் இல்லை. முன்கண்ணாடி ஓரத் தூண், கதவுக்கு நடுவில் உள்ள தூண், பின்பக்கத் தூண் எல்லாவற்றையும் மேலே கட்டிப்போட்டிருப்பது அதுதான். ஒரு பெட்டியின் மூடியைப் போல. மூடியை எடுத்துவிட்டால் பெட்டி எளிதாகக் கோணும்.

இதை ஈடுகட்ட நிறுவனங்கள் அடிச்சட்டத்தில் கூடுதல் இரும்பைப் போடுகின்றன. முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டத்தையும் வலுவாக்குகின்றன. அதனால்தான் கூரை இல்லாத காரின் எடை கூரை உள்ளதை விட அதிகமாக இருக்கிறது. இப்போதைய தலைமுறை போர்ஷே 911-ல் கூபேயை விட கேப்ரியோலே சுமார் 70 கிலோ கூடுதல். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனா உண்மை.

அடுத்தது ரோல் பார். பின் சீட்டுக்குப் பின்னால் வளைவாக நிற்கும் இரும்புக் குழாய் இது. சில கார்களில் நிரந்தரமாக வெளியே தெரியும். சிலவற்றில் உள்ளே ஒளிந்திருக்கும், கார் கவிழப் போகிறது என்று சென்சார் கண்டுபிடித்தால் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் மேலே எகிறி நிற்கும். 1989-ல் மெர்சிடிஸ் தன் எஸ்எல் மாடலில் இந்தத் தானியங்கி ரோல் பாரைக் கொண்டுவந்தது. தாரில் இருப்பது ரோல் கேஜ், அதாவது ஆட்களைச் சுற்றி ஒரு கூண்டு.

முன்கண்ணாடிச் சட்டம் ஒரு பக்கம், ரோல் பார் இன்னொரு பக்கம். கார் தலைகீழாக விழுந்தால் இந்த இரண்டும் தரையில் ஊன்றி நிற்கும். நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான் உங்கள் தலை தப்பிக்க வேண்டும். சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தால் தலை அந்த இடைவெளிக்குள் இருக்கும். பெல்ட் போடாமல் இருந்தாலோ, சீட்டின் முதுகு மேல் ஏறி உட்கார்ந்திருந்தாலோ அந்த ஏற்பாடு எல்லாமே வீண்.

இதில் ஒரு ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் நிதியில் இயங்கும் ஐஐஎச்எஸ் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்பு, கன்வெர்டிபிள் கார்களையும் அதே மாடலின் கூரை உள்ள கார்களையும் ஒப்பிட்டு 2020-ல் முடிவை வெளியிட்டது. புதிய கன்வெர்டிபிள்களில் உயிரிழப்பு அதிகம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனா ஒரு வித்தியாசம் தெரிந்தது. விபத்தில் இறந்த ஓட்டுநர்களில், காரிலிருந்து வெளியே தூக்கி வீசப்பட்டவர்கள் கன்வெர்டிபிளில் 21 சதவீதம், கூரை உள்ள காரில் 17 சதவீதம். வெளியே வீசப்படாமல் பிடித்து வைப்பது எது? பெல்ட்தான்.

மணிக்கு 50 கி.மீ. வேகம் பெரிய வேகமாகவே தெரியாது. ஆனா அந்த வேகத்தில் கார் மோதி நின்றால், பெல்ட் போடாதவருக்கு அது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். பின்சீட்டில் இருப்பவருக்கும் இதே கணக்குதான்.

பழைய ஜீப், பழைய ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் கவனிக்கணும். மேலே சொன்ன சென்சார், ரோல் பார் எதுவும் அந்த வண்டிகளில் இருக்காது. பின்னால் பக்கவாட்டில் பார்த்தபடி உட்காரும் பெஞ்ச் சீட்டில் பெரும்பாலும் பெல்ட்டும் இருக்காது. அந்த வண்டியில் கூரையைக் கழற்றிவிட்டு எட்டு பேரை ஏற்றி மலைப்பாதையில் போவதும், புதிய கன்வெர்டிபிளில் பெல்ட் போட்டுப் போவதும் ஒன்றல்ல. வாடகைக்கு எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பின்சீட்டில் பெல்ட் இருக்கா, அது லாக் ஆகுதா என்பதைத்தான். பாட்டு சிஸ்டத்தை அப்புறம் பார்க்கலாம்.

நின்னுக்கிட்டு போகலாமா?

கூடாது. ஓப்பன் கார் என்றாலே எழுந்து நின்று கையை விரிப்பது சினிமா கொடுத்த பழக்கம். பிரசாரத்தில் தலைவர்கள் நின்றபடி போவதைப் பார்த்தும் இது சாதாரணம் என்ற எண்ணம் வந்துவிட்டது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி பெல்ட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். 14 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் கூட்டிச் சென்றாலும் அதே 1,000 ரூபாய். நிற்பவர் பெல்ட் போட்டிருக்க முடியாது என்பதால் நிற்பதே விதிமீறல். வண்டியின் உடலுக்கு வெளியே, அதாவது பானெட் மேலோ கூரை மேலோ படிக்கட்டிலோ ஆளை ஏற்றிச் செல்லக் கூடாது என்பது 123-வது பிரிவு. வாடகை வண்டி போன்ற போக்குவரத்து வாகனங்களில் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணிக்கையைத் தாண்டி ஏற்றினால் கூடுதலான ஒவ்வொரு ஆளுக்கும் 200 ரூபாய். அந்த ஆட்களை இறக்கி, வேறு வண்டியில் அனுப்ப ஏற்பாடு செய்த பிறகுதான் வண்டி நகர முடியும்.

அபராதத்தை விடுங்கள். 2025 செப்டம்பரில் பெங்களூருவில் நடந்தது பலருக்கு நினைவிருக்கலாம். சன்ரூஃப் வழியாகத் தலையை நீட்டி நின்ற ஒரு சிறுவனின் தலை, உயரமான வண்டிகளைத் தடுக்க ரோட்டின் குறுக்கே வைத்திருந்த இரும்புச் சட்டத்தில் மோதியது. கார் அந்தச் சட்டத்துக்கு அடியில் தாராளமாகப் போகும். கார் ஓட்டுபவர் கணக்குப் போடுவது காரின் உயரத்துக்குத்தான், மேலே நீட்டியிருக்கும் குழந்தையின் உயரத்துக்கு இல்லை. சப்வே நுழைவாயில், தாழ்ந்து தொங்கும் கேபிள், மரக்கிளை, தடை செய்யப்பட்டும் ஒழியாத மாஞ்சா நூல் என்று நம்ம ஊரில் தலை உயரத்தில் இருக்கும் ஆபத்துகள் கொஞ்சம் அல்ல.

கல்யாண ஊர்வலத்தில் மணமக்கள் நின்றே ஆகணும் என்றால் நடக்கும் வேகத்தில், மண்டபத் தெருவுக்குள், பிரேக்கை மெதுவாகப் பிடிக்கும் டிரைவரோடு முடித்துக்கொள்வது குறைந்தபட்ச புத்திசாலித்தனம். சட்டம் அதற்கும் விலக்கு கொடுக்கவில்லை.

பட்டனை அமுக்கும் முன்

ரூஃபைத் திறப்பது பல கார்களில் பத்து, இருபது நொடி வேலை. இசட்4-ல் சுமார் 10 நொடி. 50 கி.மீ. வேகம் வரை ஓடிக்கொண்டே திறக்கலாம் என்கிறது நிறுவனம். ஆனா டிராஃபிக்கில் அப்படிச் செய்யாமல் இருப்பதே நல்லது. கூரை பாதி எழும்பி நிற்கும்போது பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் தெரியாது. காற்று அதைப் பாய்மரம் மாதிரி இழுக்கும். ஓரமாக, சமமான இடத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுத் திறப்பதில் ஒரு நிமிஷம்தான் போகும்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே திறப்பது நல்லது. கூரையை இழுக்கும் மோட்டாருக்கு நிறைய மின்சாரம் வேண்டும். நிறுத்தி வைத்த காரில் நண்பர்களுக்கு நாலு தடவை திறந்து மூடிக் காட்டினால் பேட்டரி படுத்துவிடும். மூடிய பார்க்கிங்கில் என்றால் மேலே குழாய், விளக்கு இருக்கிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

டிக்கிக்குள் ஒரு தடுப்புத் திரை இருக்கும். கூரை வந்து மடியும் இடத்தையும் பெட்டி வைக்கும் இடத்தையும் பிரிப்பது அது. திரையை இழுத்து மாட்டினால்தான் பல கார்களில் பட்டனே வேலை செய்யும். சிலர் பையைத் திணித்துவிட்டு திரையை எப்படியோ மாட்டிவிடுவார்கள். கண்ணாடியோடு இறங்கும் கூரை அந்தப் பை மேல் உட்காரும்போது வரும் சத்தம் விலை உயர்ந்தது.

குழந்தைகளின் விரல் கூரை மூடும் இடுக்கில் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் பட்டனைத் தொடணும். பட்டனை அவர்கள் கையில் கொடுக்கவே கூடாது.

தார், ஜிப்ஸி மாதிரி கையால் கழற்றும் துணிக் கூரை என்றால் மோட்டார் பிரச்சினை இல்லை. ஆனா முன்கண்ணாடிச் சட்டத்தில் உள்ள கொக்கிகள் சரியாக மாட்டியிருக்கா என்று இழுத்துப் பார்க்கணும். அரைகுறையாக மாட்டிய கூரை நெடுஞ்சாலையில் படபடவென்று அடிக்கும், கிழியும், கழன்று பின்னால் வருபவர் மேலும் போய் விழலாம். ஈரத்துணியை அப்படியே மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னலை மடிக்கும் இடத்தில் வெடிப்பு விழும் என்பதால் அதற்கு ஒரு மெல்லிய துணியை இடையில் வைப்பது பழைய ஜீப்காரர்கள் வழக்கம்.

காற்று, வெயில், துப்பட்டா

திறந்த காரில் காற்று முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை. முன்கண்ணாடியைத் தாண்டிப் போகும் காற்று பின்சீட்டுப் பக்கம் சுழன்று, பின்னாலிருந்து கழுத்தில் அடிக்கும். சீட்டில் கிடக்கும் பேப்பர், தொப்பி, பாலிதீன் பை எல்லாம் இந்தச் சுழலில் எழுந்து டிரைவர் முகத்துக்கு வரும். ஓட்டும் முன் அவற்றை எடுத்து உள்ளே வைத்துவிடுவது நல்லது.

நீளமான துப்பட்டா, ஸ்கார்ஃப், முந்தானை விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். உலகப் புகழ்பெற்ற நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927 செப்டம்பர் 14-ம் தேதி பிரான்சின் நீஸ் நகரில் இறந்தது இப்படித்தான். திறந்த காரில் போனபோது கழுத்தில் இருந்த நீண்ட ஸ்கார்ஃப் சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. இன்றைய காரில் சக்கரம் உடலுக்குள் மறைந்திருந்தாலும், பறக்கும் துணி பக்கத்து பைக்கின் ஹேண்டில்பாரில் மாட்டுவதற்கு ஒரு நொடி போதும். முந்தானையைச் செருகிவிட்டு அதன் மேல் பெல்ட்டைப் போட்டால் இந்தக் கவலை இல்லை.

வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனா திறந்த காரில் காற்று அடிப்பதால் வெயில் உறைக்காது, அதுதான் சிக்கல். இரண்டு மணி நேரம் கழித்து இறங்கும்போது தலை சுற்றும். காலை 9 மணிக்குள் அல்லது மாலை 4 மணிக்குப் பிறகு திறந்து ஓட்டுவது, தண்ணீர் குடிப்பது, காதோடு பொருந்தும் தொப்பி போடுவது நல்லது. வெயிலில் திறந்து நிறுத்திய காரில் பெல்ட் பக்கிள் சுடும். குழந்தை தொடையில் படும் முன் கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்தாலே போதும்.

காதுக்கும் வேலை இருக்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் திறந்த கன்வெர்டிபிளுக்குள் சத்தம் 85 டெசிபலைத் தாண்டும் என்று சோதனைகளில் பதிவாகியிருக்கிறது. தொடர்ந்து எட்டு மணி நேரம் கேட்டால் காதுக்கு ஆபத்து என்று தொழிற்சாலைகளுக்கு வைத்திருக்கும் எல்லை அது. பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டாலே சத்தமும் காற்றும் கணிசமாகக் குறையும். அந்தச் சத்தத்தில் பாட்டையும் கூட்டி வைத்தால் ஆம்புலன்ஸ் சைரன் காதில் விழாது.

இன்னொன்று, கூரையை மூடி ஓட்டும்போது வரும் பிரச்சினை. சாஃப்ட் டாப் கார்களில் பின்கண்ணாடி சின்னது, பின் ஓரங்கள் அகலமான துணியால் மறைந்திருக்கும். லேன் மாறும்போது கண்ணாடியை மட்டும் நம்பினால் பக்கத்தில் வரும் பைக் தெரியாது. தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பது அவசியம்.

இருக்கிற கூரையை வெட்டலாமா?

பழைய காரை வாங்கி, கூரையை வெட்டி எடுத்து ஓப்பன் கார் ஆக்கித் தரும் பட்டறைகள் உண்டு. விழாக்களில் ஓடும் சில ஓப்பன் கார்கள் இப்படிப் பிறந்தவைதான். செய்யவே கூடாத வேலை இது. கூரையை நம்பிக் கட்டிய உடல், அது இல்லாதபோது குழியில் இறங்கும்போதே முறுக்கிக்கொள்ளும். கதவு சரியாக மூடாது. மோதினால் நடுவில் மடியும். வண்டியை அதன் அசல் வடிவமைப்பிலிருந்து மாறும்படி மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்பதும் இதைத்தான்.

இனி பெட்ரோல் விஷயம்

இ20 என்றால் 80 பங்கு பெட்ரோலில் 20 பங்கு எத்தனால். 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-ல் நாடு முழுக்க வழக்கமான பெட்ரோலே இதுதான் என்ற நிலை வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லித் தப்பிக்கும் வாய்ப்பு சாதாரணப் பங்கில் இல்லை. இதை எதிர்த்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கையும் உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது.

முதலில் மைலேஜ். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலை விட சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அப்போ 20 சதவீதம் கலந்தால் மொத்தத்தில் 6, 7 சதவீதம் ஆற்றல் குறையும். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் சொன்னது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்கு டியூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையும். இ10-க்கு வடிவமைத்து இ20-க்கு டியூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம்தான். லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்த பழைய கார் 14 கி.மீ. அருகே வரும். 40 லிட்டர் டேங்கில் சுமார் 36 கி.மீ. குறைகிறது. பெரிய அதிர்ச்சி இல்லை, ஆனா கணக்கில் வரும் குறைவுதான்.

2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இ20-யைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. டேங்க் மூடிக்குள் இருக்கும் ஸ்டிக்கரில் இ20 என்று போட்டிருந்தால் யோசிக்க வேண்டாம். அதற்கு முந்தைய கார் என்றால் கையேட்டைப் பாருங்கள், சர்வீஸ் சென்டரில் மாடலும் ஆண்டும் சொல்லிக் கேளுங்கள். இ20 போட்டால் இன்சூரன்ஸ் செல்லாது என்று பரவிய தகவலை பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் மறுத்துவிட்டது.

உண்மையில் கவலைப்பட வேண்டியவர்கள் கார்புரேட்டர் வைத்த பழைய ஜிப்ஸி, பழைய பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்கள். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை உப்ப வைக்கும், நாளாவட்டத்தில் வெடிப்பு விழ வைக்கும். இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் விளைவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் குழாய், வாஷர், ஃபில்டரை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவது பெரிய செலவு இல்லை. இந்த வேலையை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

வாரம் முழுக்க நிற்கும் கார்

கன்வெர்டிபிளுக்கே உரிய எரிபொருள் பிரச்சினை ஒன்று இருக்கிறது. தினமும் ஆபீஸ் போகும் காரில் போட்ட பெட்ரோல் பத்து நாளில் தீர்ந்துவிடும். கன்வெர்டிபிள் அப்படி இல்லை. மழைக்காலம் முழுக்க உறை போட்டு மூடி வைத்துவிட்டு பொங்கலுக்கு எடுப்பவர்கள் உண்டு. அந்த மூன்று மாதமும் பெட்ரோல் டேங்கிலேயே கிடக்கும்.

எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஓரளவு வரை அந்தத் தண்ணீர் பெட்ரோலோடு கலந்தே இருக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பெட்ரோலை உறிஞ்சும் பம்பும் அடியில்தானே இருக்கிறது! வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஆனாலும் திணறும். டேங்க் துருப்பிடிக்கவும் இது வழி. புதிய கார்களின் டேங்க் கிட்டத்தட்ட மூடிய அமைப்பு என்பதால் ஈரம் எளிதில் போகாது. பழைய வண்டிகளில் போகும்.

செய்ய வேண்டியது எளிது. நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் டேங்கில் காற்று தங்கும் இடத்தைக் குறைக்க முக்கால் டேங்காவது நிரப்பி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுங்கள். வீட்டு வாசலில் ஐந்து நிமிஷம் இன்ஜினை ஓட விடுவது இதற்கு ஈடாகாது, அதில் பெட்ரோல் வீணாவதுதான் மிச்சம். இன்ஜின் முழுசாகச் சூடாகாமல் நின்றுவிடும். மூடிய கேரேஜுக்குள் அப்படிச் செய்தால் புகை நச்சாகும்.

எப்போதும் ரிசர்வில் ஓட்டும் பழக்கமும் வேண்டாம். பம்பைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது.

100 ஆக்டேன் போட்டா பறக்குமா?

பறக்காது. ஆக்டேன் எண் என்பது சக்தியின் அளவு இல்லை. இன்ஜினுக்குள் அழுத்தம் கூடும்போது, தீப்பொறி வருவதற்கு முன் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதன் அளவு. டர்போ வைத்த வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் பல 95 அல்லது அதற்கு மேல் கேட்கும். டேங்க் மூடியிலேயே எண் இருக்கும். அதைவிடக் குறைவாகப் போட்டால் இன்ஜின் கம்ப்யூட்டர் தற்காப்புக்காகச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும், மைலேஜும் கொஞ்சம் போகும். 91 போதும் என்று எழுதியிருக்கும் காரில் 100 ஊற்றினால் பங்குக்காரருக்குத்தான் லாபம். சாதாரண பெட்ரோலின் ஆக்டேனே இப்போது 95 ஆகிவிட்டதாக பெட்ரோலிய அமைச்சகம் சொல்கிறது.

வாடகை வண்டிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தாரில் பெட்ரோலும் உண்டு, டீசலும் உண்டு, வெளியே பார்க்க ஒரே மாதிரி. டீசல் குழாயின் மூக்கு பெரிது என்பதால் பெட்ரோல் வண்டியில் எளிதில் நுழையாது. பெட்ரோல் குழாய் டீசல் வண்டியில் சுலபமாக நுழைந்துவிடும். ஆபத்தும் அதில்தான் அதிகம். டீசல் பம்புக்கு உயவு எண்ணெயாக இருப்பதே டீசல்தான், பெட்ரோல் போனால் உலோகம் உலோகத்தோடு உரசும். தவறாக அடித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் சாவியைத் தொடாதீர்கள். வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி, மெக்கானிக்கைக் கூப்பிட்டு டேங்கைக் காலி செய்யுங்கள். ஸ்டார்ட் செய்யாதவரை செலவு குறைவு.

கூரை திறந்தால் மைலேஜ் குறையுமா?

வேகத்தைப் பொறுத்தது. ஊருக்குள் 40 கி.மீ. வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனா காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும். 60-லிருந்து 90-க்குப் போனால் எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. 120-க்குப் போனால் நான்கு மடங்கு. திறந்த காரில் காற்று வழுக்கிப் போக கூரை இல்லாததால் இந்தச் சுமை இன்னும் கூடும். கார்களுக்கு 45 முதல் 55 கி.மீ. வேகமே சிக்கனம் என்கிறது பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கமான பிசிஆர்ஏ. திறந்து ஓட்டுவதன் சுகமும் அந்த வேகத்தில்தான், அதற்கு மேல் பேச்சே கேட்காது.

நெடுஞ்சாலை என்றால் மூடிவிட்டு ஏசி போடுவதே மேல். திறந்து வைத்துக்கொண்டு ஏசியையும் முழுசாக ஓட விடுவது ரோட்டைக் குளிர்விக்கும் வேலை. சிலர் அதையும் செய்கிறார்கள்.

பங்கில் நிரப்பும்போது குழாய் தானாக 'டக்' என்று நின்ற பிறகு, ரவுண்டாக வரட்டும் என்று இன்னும் கொஞ்சம் அடிக்கச் சொல்லாதீர்கள். டேங்கில் ஆவிக்கு இடம் வேண்டும். மேலும் ஊற்றினால் ஆவியைப் பிடித்துவைக்கும் கரித்தூள் டப்பாவுக்குள் திரவமாகவே போய் அதைக் கெடுக்கும். திறந்த காரில் இன்னொரு விஷயமும் இருக்கு, பெட்ரோல் ஆவி நேராக உள்ளே இருப்பவர்கள் மூக்குக்கு வரும். நிரப்பும் நேரத்தில் கூரையை மூடி வைப்பதும், இன்ஜினை அணைத்துவிட்டு குழந்தைகளோடு இறங்கி நிற்பதும் நல்லது. சிகரெட், செல்போன் பக்கத்திலேயே வேண்டாம்.

போட்ட பெட்ரோல் மேல் சந்தேகம் வந்தால் கேட்டுப் பார்க்க உரிமை உண்டு. ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டுக் காட்டச் சொல்லலாம். கறை இல்லாமல் ஆவியானால் சரி, கறை நின்றால் கலப்படம் இருக்கலாம். அளவு குறைகிறது என்று தோன்றினால், முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் அடித்துக் காட்டச் சொல்லலாம். இரண்டுமே ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டியவை, கேட்டால் காட்டியே ஆக வேண்டும்.